புகைப்படத்துக்கு வாயில் திறந்த குமாரசாமி

நடராஜர் திருவுருவத்தின் உட்பொருளை மேலை நாட்டாருக்கு விளக்கியவர் என்றே ஆனந்த குமாரசாமியை நாம் அறிவோம். அமெரிக்க அருங்காட்சியகங்களில் புகைப்படம் கலைப்பொருளாக இடம்பெறத் துணைநின்றவர்களுள் அவரும் ஒருவர் என்பது அதிகம் பேசப்படாத செய்தி.

1877 ஆகஸ்ட் 22-ஆம் தேதி கொழும்பில் பிறந்தவர் அவர். தந்தை சர் முத்து குமாரசாமி, இலங்கைத் தமிழர். தாய் எலிசபெத், ஆங்கிலேயர். இரண்டு வயது நிறையுமுன்பே தந்தையை இழந்த குழந்தை, தாயுடன் இங்கிலாந்தில் வளர்ந்தது. லண்டனில் நிலவியலும் தாவரவியலும் பயின்ற அவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநராகப் பணியாற்றினார். தோரியானைட் என்ற கனிமத்தை உலகுக்கு அறிவித்தது அக்காலத்தில்தான்.

கனிமம் தேடிச் சென்ற ஊர்களில் நலிந்துவரும் கைவினைகளைக் கண்டார். அவற்றைப் பதிவு செய்து 1908-இல் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். அதற்கான படங்கள் பலவற்றை எடுத்தவர் அவருடைய மனைவி எதெல். வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய கைஅச்சு இயந்திரத்திலேயே அந்நூல் அச்சானது. எதைச் சொல்கிறோம் என்பதோடு, எந்தப் பொருளில் எந்தக் கையால் சொல்கிறோம் என்பதும் அவருக்கு முக்கியமாக இருந்தது.

1917-இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பாளரானார். புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுடன் அவருக்கு நட்பு ஏற்பட்டது. குமாரசாமியின் முயற்சியால், 1924-இல் ஸ்டீக்லிட்ஸ் 27 படங்களை அந்த அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அளித்தார். புகைப்படத்தை வெறும் இயந்திரப் பதிவு என்று பலர் ஒதுக்கிய காலம் அது.

ஸ்டீக்லிட்ஸ் பெரிதும் விரும்பிய அச்சுமுறை பிளாட்டினம். 1873-இல் ஆங்கிலேயரான வில்லியம் வில்லிஸ் இதற்குக் காப்புரிமை பெற்றார். முட்டை வெண்கரு பூசிய தாளில் எடுத்த படம் பளபளக்கும்; நாளடைவில் மஞ்சள் படியும். ஜெலட்டின் பூச்சில் வெள்ளி உப்பு கலந்த தாள் ஆழ்ந்த கருமையையும் கூர்மையையும் தரும். சிறிய நெகட்டிவிலிருந்து பெரிய படம் எடுக்கவும் உதவும். ஆனால், காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கெடுத்துவிடும்.

பிளாட்டினம் அச்சில் இத்தகைய மேற்பூச்சு இல்லை. உலோகத் துகள் தாளின் இழைகளிலேயே படிகிறது. அதனால் படம் பளபளக்காது. கருமைக்கும் வெண்மைக்கும் இடையே சாம்பல் நிறச் சாயல்கள் படிப்படியாக விரியும். ஜெலட்டின் அச்சின் அடர் கருமை இதற்கு இல்லை. நிழலுக்குள்ளும் நுட்பம் தெரிவதே இதன் அழகு. பிளாட்டினம் எளிதில் வேதிமாற்றம் அடையாததால் படம் மங்குவதுமில்லை. நெகட்டிவின் அளவிலேயே அச்சிட வேண்டும் என்பதும் விலையும்தான் தடைகள். முதல் உலகப் போரில் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, ஸ்டீக்லிட்ஸ் பல்லேடியத்துக்கு மாறினார்.

ஒரே நெகட்டிவை இம்முறைகளில் அச்சிட்டால் ஒவ்வொன்றும் வேறு படமாகவே தோன்றும். அச்சிடுபவரின் கைத்திறனும் அதில் கலந்திருக்கிறது. கைவினைக்கும் கலைக்கும் இடையே சுவர் எழுப்பக் கூடாது என்று வாழ்நாள் முழுவதும் வாதிட்ட குமாரசாமி, புகைப்படத்தை வரவேற்றதில் வியப்பில்லை. 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி அவர் மறைந்தார்.

சென்னையிலிருந்து விழுப்புரம் செல்லும் ரயில் பாதையில், திண்டிவனத்துக்கு முன்னே இருக்கிறது ஒலக்கூர். இதைப் போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் தாத்தா, பாட்டியின் ஸ்டூடியோ படங்கள் சட்டத்துக்குள் பழுப்பேறிக் கொண்டிருக்கின்றன. கைப்பேசியில் நகலெடுத்துவிட்டோம் என்று மூலப் படத்தைக் குப்பையில் போடுவது இப்போது வழக்கமாகி வருகிறது. நகலில் முகம் இருக்கும். தாளும் பூச்சும் அச்சிட்டவரின் கைவண்ணமும் இருக்காது. ஓலைச்சுவடிக்குத் தரும் மதிப்பில் ஒரு பங்கையாவது இப்படங்களுக்கும் நாம் தர வேண்டும். மாவட்ட அருங்காட்சியகங்கள் அவற்றைப் பெற்றுப் பாதுகாக்க முன்வருவதே குமாரசாமிக்குச் செய்யும் நல்ல நினைவஞ்சலியாகும்.