தஞ்சை உழவரின் தோழர்

காவிரியாறு பல கிளைகளாகப் பிரிந்து கடலை நோக்கிப் பாயும் சமவெளியே தஞ்சை வளநாடு. தென்னகத்தின் நெற்களஞ்சியம் எனப் புகழ்பெற்ற அந்நாட்டில், நெல்லை விளைவித்த உழைப்பாளிகள் நெடுங்காலம் அரைவயிற்றுக் கஞ்சியோடு வாழ்ந்தனர். அவர்தம் துயரைத் துடைக்கத் தம் வாழ்நாளையே அளித்த பெரியார் பி. சீனிவாசராவ் ஆவார். அவர் தஞ்சையிற் பிறந்தவர் அல்லர். தமிழைத் தாய்மொழியாக உடையவரும் அல்லர். ஆயினும் அவ்வூர் மக்கள் அவரைத் தம்முள் ஒருவராகவே கொண்டனர்.

சீனிவாசராவ் 1907 ஆம் ஆண்டில் தென்கன்னடப் பகுதியில் பிறந்தார். இளமையிலேயே நாட்டு விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். பின்னர்ப் பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்து சென்னை மாநிலத்தில் தொண்டாற்றி வந்தார். உழவர்களை ஒன்றுதிரட்டும் பொருட்டு அக்கட்சி 1943 ஆம் ஆண்டில் அவரைத் தஞ்சைக்கு அனுப்பியது.

அக்காலத்தில் தஞ்சையின் நன்செய் நிலங்களிற் பெரும்பகுதி மிராசுதார்களுக்கும் மடங்களுக்கும் கோயில்களுக்கும் உரியதாய் இருந்தது. நிலமற்ற ஏழைகள் பண்ணையாட்களாக உழைத்தனர். அவர்களுட் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். விடியுமுன் வயலில் இறங்கி, இருட்டிய பின்னரே குடிசைக்குத் திரும்புவர். தந்தை பெற்ற கடனுக்கு மகனும் பண்ணையிற் கட்டுண்டு கிடந்தான். பணிக்குச் சற்றுக் காலந்தாழ்த்தி வந்தாலும் சவுக்கடி கிடைக்கும். சாணத்தை நீரிற் கரைத்துச் சாணிப்பால் எனப் பெயரிட்டு, அதனைக் குடிக்கச் செய்யும் கொடுமையும் நிலவியது. இவற்றைத் தம் தலைவிதி என்றே அவ்வேழைகள் எண்ணியிருந்தனர்.

இத்தகைய மக்களிடையே குடிபுகுந்த சீனிவாசராவ் முதலில் அவர்கள் பேசும் மொழியைக் கற்றார். மேடைத் தமிழ் அவருக்குப் போதவில்லை. களத்துமேட்டிலும் வரப்பிலும் வழங்கும் தமிழே அவருக்கு வேண்டியிருந்தது. அவர் தமக்கென வீடு எதுவும் அமைத்துக்கொள்ளவில்லை. சேற்று வரப்புகளில் ஊர் ஊராக நடந்தார். சேரிக் குடிசைகளில் தங்கினார். அவர்கள் பகிர்ந்தளித்த கஞ்சியை உண்டார். அவர்களுடைய தரையிலேயே படுத்துறங்கினார். உயர்குலத்தார் சேரிக்குள் அடிவைக்கவும் தயங்கிய காலம் அது. தம்முடன் அமர்ந்து உண்ணும் ஒருவரை அம்மக்கள் முதலில் வியப்புடனும், பின்னர் அன்புடனும் நோக்கினர். அவருக்கு இடங்கொடுத்தவர்கள் பண்ணையாரின் சினத்துக்கு ஆளாக நேரும் என்பதை அறிந்திருந்தும் கதவடைக்கவில்லை. அந்த நம்பிக்கையே அவர் பெற்ற முதல் வெற்றி எனலாம்.

1943 ஆம் ஆண்டிலேயே மன்னார்குடியை அடுத்த தென்பரையில் உழவர் சங்கத்தின் கிளை தோன்றியது. அங்கிருந்து சங்கம் ஊர்தோறும் பரவிற்று. குத்தகை உழவரும் பண்ணையாட்களும் ஒரே கொடியின்கீழ்த் திரண்டனர். கூலி உயர்வு அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று. நெல்லை முத்திரையிட்ட மரக்காலால் அளக்க வேண்டும் என்பதும் மற்றொன்று. எனினும், மனிதனை மனிதனாக நடத்த வேண்டும் என்பதையே சீனிவாசராவ் முதன்மையாகக் கருதினார். அடிக்கு அஞ்சிக் குனிந்தவன் நிமிர்ந்தாலன்றி, அவன் பெறும் கூலியும் அவனிடம் நிலைக்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மக்கள் நிமிர்ந்தனர். 1944 ஆம் ஆண்டில் மன்னார்குடி வட்டாரத்தில் ஏற்பட்ட உடன்படிக்கையால் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் தடை பிறந்தது. ஆயினும் போராட்டம் எளிதில் முடியவில்லை. நாடு விடுதலை பெற்ற பின்னரும் அடக்குமுறை தொடர்ந்தது. உழவர் பலர் சிறை சென்றனர், சிலர் உயிரிழந்தனர். சீனிவாசராவும் தலைமறைவாக வாழ நேர்ந்தது. அக்காலத்தில் அவரைக் காத்தவை அவர் முன்பு கஞ்சி உண்ட அதே குடிசைகளே.

1952 ஆம் ஆண்டில் சென்னை அரசு தஞ்சைக் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது ஆறேமுக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த அளவிற்கு, மேற்பட்ட நிலமுடையோர்க்கு அது பொருந்தியது. அதன்படி விளைச்சலில் ஐந்தில் இரு பங்கு குத்தகை உழவர்க்கு உரியதாயிற்று. பண்ணையாட்களை நினைத்தபோது நீக்கும் வழக்கத்துக்கும் அச்சட்டம் அணையிட்டது. சேற்றில் நடந்த கால்களின் உழைப்பு சட்டமாக மலர்ந்தது.

நில உச்சவரம்பு பற்றிய கிளர்ச்சி நடைபெற்ற 1961 ஆம் ஆண்டில், செப்டம்பர்த் திங்கள் 30 ஆம் நாள், சீனிவாசராவ் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. திருத்துறைப்பூண்டியில் அவருக்கு நினைவிடம் அமைந்துள்ளது. ஆண்டுதோறும் அந்நாளில் உழவர்கள் அங்குக் கூடி வணக்கம் செலுத்துகின்றனர்.

தொண்டு செய்ய விரும்புவோர் பிறர்க்கு வழிகாட்டுமுன் அவரோடு வாழக் கற்க வேண்டும். பிறந்த மண்ணாலும் பேசும் மொழியாலும் வேறுபட்ட ஒருவர், ஏழையின் குடிசையைத் தம் இல்லமாகக் கொண்டமையால் ஒரு நாட்டுக்கே உறவினரானார். சீனிவாசராவின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.