துயரில் பிறந்த பாடல்

தாமஸ் டோர்சி 1899ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள வில்லா ரிக்கா என்னும் சிற்றூரில், ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தந்தை ஊர் ஊராகச் சென்று சமயச் சொற்பொழிவு ஆற்றியதோடு நிலத்திலும் உழைத்தார். தாயார் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார்.

வறுமையின் காரணமாகக் குடும்பம் அட்லாண்டா நகருக்குக் குடிபெயர்ந்தது. டோர்சி சிறு வயதிலேயே பள்ளிப் படிப்பைக் கைவிட்டார். நாடகக் கொட்டகை ஒன்றில் குளிர்பானம் விற்றவாறே, அங்கு பியானோ வாசித்தவர்களின் விரல்களைக் கவனித்தார். பார்த்ததைத் தாமே வாசித்துப் பழகினார்.

பின்னர், அவர் சிகாகோ நகருக்குச் சென்றார். 1924இல் புகழ்பெற்ற புளூஸ் பாடகி மா ரெய்னியின் இசைக்குழுவை வழிநடத்தினார். 1928இல், டாம்பா ரெட் என்ற கலைஞருடன் இணைந்து ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் சிலேடையும் கேலியும் நிறைந்த நகைச்சுவைப் பாடல் ஒன்றை வெளியிட்டார். அதன் இசைத்தட்டுகள் பெருமளவில் விற்பனையாயின. பணமும் புகழும் சேர்ந்தன.

ஆயினும், அவர் மனம் நிறைவடையவில்லை. அதற்கு முன்பே மனச்சோர்வு அவரை ஏறத்தாழ ஈராண்டுகள் வாட்டியிருந்தது. அதிலிருந்து மீண்டவர், புளூஸ் இசையின் துள்ளலோடு நற்செய்திப் பாடல்களை இயற்றத் தொடங்கினார். அவற்றை அச்சிட்டு எடுத்துக்கொண்டு தேவாலயங்களின் படியேறினார். கேளிக்கைக் கூடத்தின் இசை வழிபாட்டிற்கு ஒவ்வாது என்று பலர் மறுத்துவிட்டனர். நகைச்சுவைப் பாடல் சோறு போட்டது. நற்செய்திப் பாடலோ ஏமாற்றத்தையே தந்தது. எனினும், அவர் தம் முயற்சியைக் கைவிடவில்லை. 1932இல் சிகாகோவின் பில்கிரிம் பாப்டிஸ்ட் தேவாலயம் அவரைப் பாடகர் குழுவின் இயக்குநராக ஏற்றுக்கொண்டது.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஒரு வழிபாட்டுக் கூட்டத்திற்கு அவர் சென்றிருந்தார். அப்போது தந்தி ஒன்று வந்தது. அவருடைய மனைவி நெட்டி பிரசவத்தின்போது இறந்துவிட்டார். டோர்சி விரைந்து வீடு திரும்பினார். பிறந்த ஆண் குழந்தையும் விரைவிலேயே உயிர் நீத்தது. தாயையும் சேயையும் ஒரே பெட்டியில் வைத்து அடக்கம் செய்தனர். இனி இறைவனுக்காகப் பாடல் இயற்றுவதில் பயனில்லை என்றுகூட அவர் எண்ணினார்.

சில நாள்களுக்குப் பிறகு, அவர் பியானோவின் முன் அமர்ந்தார். பழைய பக்திப் பாடலொன்றின் மெட்டில் புதிய சொற்கள் பிறந்தன. களைத்துப்போன தன்னைக் கைப்பிடித்து வழிநடத்துமாறு இறைவனை வேண்டும் அப்பாடல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச்சடங்கில் மஹாலியா ஜாக்சன் அதையே பாடினார்.

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேவாலயப் பாடகர் குழுவை வழிநடத்திய டோர்சி, 1993இல் தமது 93ஆம் வயதில் சிகாகோவில் காலமானார். ஒரு காலத்தில் தேவாலயங்கள் ஒதுக்கிய அவரது இசை, இன்று பல நாடுகளின் தேவாலயங்களில் ஒலிக்கிறது.