நம்பிக்கை என்னும் காவல்

நுழையும்முன்

ஒரு துறையின்மீது மக்கள் கொண்ட ஐயத்தை ஆணையிட்டு அகற்ற இயலுமா? ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் இலண்டன் மாநகரில் இவ்வினாவை எதிர்கொண்டவர் சர் இராபர்ட் பீல். மக்களால் வெறுக்கப்பட்ட காவற்படை ஒன்று, மக்களின் நன்மதிப்பைப் பெற்ற வரலாறு அவருடைய வாழ்வோடு பிணைந்தது.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தின் இலங்காசயர் பகுதியிலுள்ள பரி என்னும் ஊரில் 1788ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் பீல் பிறந்தார். பருத்தி ஆலைத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய தந்தை, தம் மகன் அரசியலில் உயர வேண்டும் என விரும்பினார். ஹாரோ பள்ளியிலும் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்திலும் பயின்ற பீல், செவ்வியல் மொழிகளிலும் கணிதத்திலும் முதல் வகுப்பில் தேறினார். 1809ஆம் ஆண்டு, தம் இருபத்தோராம் அகவையில் நாடாளுமன்றத்தில் நுழைந்தார்.

அயர்லாந்து தந்த பட்டறிவு

1812 முதல் 1818 வரை அயர்லாந்தின் தலைமைச் செயலராகப் பீல் பணியாற்றினார். ஆங்காங்கே வெடித்த கலகங்களை அடக்க 1814ஆம் ஆண்டு அமைதி காக்கும் படை ஒன்றை நிறுவினார். கலகம் நிகழ்ந்த பகுதிக்கு அப்படை அனுப்பப்படும்; அதற்கான செலவை அப்பகுதி மக்களே ஏற்றல் வேண்டும். எனவே, அம்மக்களுக்கு அப்படை காவலாக அன்றித் தண்டனையாகவே தோன்றியது. காவலை நிறுவுவது வேறு, அதனை மக்கள் ஏற்பது வேறு என்பதை அயர்லாந்து காட்டியது.

இலண்டன் நகரின் நிலை

1822ஆம் ஆண்டு பீல் உள்துறை அமைச்சரானார். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த இலண்டனில், இரவுக் காவல் பெரும்பாலும் அந்தந்த வட்டாரத்தார் அமர்த்திய காவற்காரர்களின் பொறுப்பில் இருந்தது. பெருங்கூட்டம் திரண்டால் இராணுவத்தையே அழைக்க வேண்டியிருந்தது. 1819ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரில் வாக்குரிமை கேட்டு அமைதியாகக் கூடிய மக்களிடையே குதிரைப்படை புகுந்ததில் பலர் உயிரிழந்தனர். அத்துயரம் மக்கள் நெஞ்சில் ஆறாத வடுவாகப் பதிந்திருந்தது.

சிறு திருட்டுக்கும் தூக்குத்தண்டனை விதித்த சட்டங்கள் அந்நாளில் இருந்தன. அவற்றுள் பலவற்றைப் பீல் நீக்கினார். கடுந்தண்டனையைவிடக் குற்றம் நிகழாமல் தடுப்பதே மேலானது என அவர் கருதினார். அதற்கு முறையான காவற்படை தேவை. ஆயினும், 1822இல் இதனை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழு, அத்தகைய படை மக்களின் உரிமைக்கு ஒவ்வாதது எனக் கூறி மறுத்தது. காவற்படை என்றாலே ஒற்றர் படை என்னும் அச்சம், செல்வர் முதல் தொழிலாளர் வரை அனைவரிடமும் நிலவியது.

அச்சத்தை மதித்த அமைப்பு

அந்த அச்சத்தைப் பீல் அறியாமை என ஒதுக்கவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, 1829ஆம் ஆண்டு பெருநகரக் காவல் சட்டத்தை நிறைவேற்றினார். சார்லசு இரோவன் என்னும் படைத்தலைவரும் ரிச்சர்டு மேய்ன் என்னும் வழக்கறிஞரும் ஆணையர்களாயினர். அவர்கள் உருவாக்கிய படையின் ஒவ்வொரு கூறும் மக்களின் ஐயத்துக்கு விடையாக அமைந்தது.

இராணுவத்தினர் செந்நிறச் சீருடை அணிந்தனர். ஆகவே, காவலருக்கு நீலநிற உடை வழங்கப்பட்டது. துப்பாக்கிக்கு மாறாக மரத்தாலான குறுந்தடியும், உதவிக்கு அழைக்க ஒலியெழுப்பும் கிலுகிலுப்பையுமே தரப்பட்டன. ஒவ்வொருவரின் கழுத்துப்பட்டியிலும் எண் பொறிக்கப்பட்டது. தவறிழைத்த காவலரைக் குடிமகன் அடையாளம் காட்ட அவ்வெண் உதவியது. பரிந்துரைக்காகப் பணி தருதல் கூடாது என்பதில் பீல் உறுதியாக இருந்தார்.

1829ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் மாலை முதல் அணி தெருவில் இறங்கியது. முதலாம் எண் பெற்ற காவலரே மதுமயக்கத்துக்காக அன்றே பணிநீக்கம் செய்யப்பட்டார்! தொடர்ந்து பல நூற்றுவர் அவ்வாறே நீக்கப்பட்டனர். தன் குறையை மறைக்காமல் களைந்ததே அப்படை மக்களிடம் காட்டிய முதல் நேர்மை எனலாம்.

வெறுப்பும் மாற்றமும்

ஆயினும், நன்மதிப்பு எளிதில் வாய்க்கவில்லை. நீலப் பேய்கள் என மக்கள் காவலரை ஏசினர். 1833ஆம் ஆண்டு கோல்ட்பாத் பீல்ட்சு என்னுமிடத்தில் நடந்த கூட்டத்தைக் கலைக்க முயன்றபோது காவலர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். அச்சாவை விசாரித்த நடுவர் குழுவோ, அக்கொலை நியாயமானதே எனத் தீர்ப்பளித்தது. மக்கள் அந்நடுவர்களைக் கொண்டாடினர். அதே ஆண்டில், காவலர் ஒருவர் மாற்றுடையில் அரசியல் சங்கம் ஒன்றில் ஊடுருவி, உறுப்பினர்களை வன்செயலுக்குத் தூண்டியது வெளிப்பட்டது. நாடாளுமன்றக் குழு அச்செயலைக் கண்டித்தது, அவர் பணியிழந்தார்.

அப்போது பீல் உள்துறைப் பொறுப்பில் இல்லை. எனினும், அவர் இட்ட அடித்தளம் நிலைத்தது. பொறுமையைக் கடமையாகக் கொண்டு காவலர் நாள்தோறும் ஒரே தெருவில் நடந்தனர். மக்கள் அவர்களின் முகங்களை அறியலாயினர். 1834ஆம் ஆண்டு நாடாளுமன்றக் குழு அப்படையின் பணியைப் பாராட்டியது. சீருடையற்ற துப்பறியும் பிரிவு 1842ஆம் ஆண்டில்தான் தொடங்கப்பட்டது. அதுவும் எண்மரை மட்டுமே கொண்டிருந்தது.

தெரிந்து தெளிவோம்

காவல்துறைக்கான ஒன்பது நெறிகள் பீலின் பெயரால் உலகெங்கும் வழங்குகின்றன. அவை அவரே எழுதியவை அல்ல. 1829இல் காவலர்க்கு வழங்கப்பட்ட அறிவுரைகளின் கருத்தைத் தழுவிப் பிற்காலத்தார் தொகுத்தவை.

நிறைவு

பின்னாளில் பீல் இருமுறை பிரதமரானார். 1846ஆம் ஆண்டு தானிய இறக்குமதிச் சட்டங்களை நீக்கி, உணவு விலை குறைய வழிவகுத்தார். அதனால் தம் கட்சியினர் பலரின் பகைக்கு ஆளாகிப் பதவி இழந்தார். 1850ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் குதிரையிலிருந்து வீழ்ந்து, ஜூலை 2ஆம் நாள் மறைந்தார். அவர் வீட்டின் முன் ஏழை எளியோர் கூட்டமாகக் காத்து நின்றனர்.

மறு ஆண்டு இலண்டனின் ஹைடு பூங்காவில் உலகப் பெருங்கண்காட்சி நடந்தது. அதற்கான அரச ஆணையத்தில் பீலும் உறுப்பினராக இருந்தவர். அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகளைக் கண்ட அந்நிகழ்வு கலகமின்றி நிறைவுற்றது. அந்த அமைதியைக் காண அவர் இல்லை.

இராபர்ட் என்னும் பெயரின் சுருக்கம் பாபி. இங்கிலாந்து மக்கள் காவலரை இன்றும் அப்பெயரால் அழைப்பதுண்டு. அதிகாரம் பெற்றோர் தம் அதிகாரத்துக்குத் தாமே எல்லை வகுத்துக்கொள்ளும்போது மக்களின் நம்பிக்கை பிறக்கிறது. அது வேரூன்ற ஆண்டுகள் பல ஆகும். பீலின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.