பூட்டுத் தொழிலாளி மகன் கண்ட மின்சாரக் கணக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோவிலைப் போன்ற ஊர்க் கோவில்களில் திருவிழா என்றால், சீரியல் விளக்குகள் ஜொலிக்கும். பழைய சீரியல் விளக்கில் ஒரு பல்பு போய்விட்டால், அந்தச் சரம் முழுவதும் அணைந்துவிடும். மின்சாரம் போக அதில் ஒரே வழிதான் உண்டு. இந்தச் சரத்தின் கணக்கை உலகுக்குச் சொன்னவர் ஜியார்ஜ் சைமன் ஓம்.

ஜெர்மனியில் எர்லாங்கன் நகரில் 1789-ஆம் ஆண்டு ஓம் பிறந்தார். தந்தை பூட்டுத் தொழிலாளி. பத்து வயதில் தாயை இழந்தார். தானாகவே படித்துத் தேர்ந்த தந்தை, மகனுக்குக் கணக்கும் விஞ்ஞானமும் கற்றுக் கொடுத்தார்.

தந்தையின் கோபம்

கல்லூரியில் சேர்ந்த மகன் நடனத்திலும் விளையாட்டிலும் பொழுதைப் போக்கினார். தந்தைக்குக் கோபம் வந்தது. படிப்பை நிறுத்தி சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஓம் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே படித்தார். 1811-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, பட்டறையில் கற்ற கைத்திறமை உதவியது. கருவிகளைத் தாமே செய்தார். கம்பியின் நீளத்தை மாற்றி மாற்றி மின்சாரத்தை அளந்தார். தடை கூடினால் மின்னோட்டம் குறையும் என்று கண்டார். 1827-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்.

பாராட்டு கிடைக்கவில்லை. எதிர்பார்த்த பெரிய பதவியும் கிடைக்கவில்லை. மனம் நொந்து வேலையை விட்டார். பல ஆண்டுகள் குறைந்த வருமானத்தில் காலம் தள்ளினார்.

கணக்கு இதுதான்

230 வோல்ட் மின்சாரத்தில் 100 வாட் குண்டு பல்பு ஒன்று எரிகிறது. அதே போன்ற இன்னொன்றை அதனோடு சரமாக இணையுங்கள். தடை இரு மடங்காகிறது, மின்னோட்டம் பாதியாகிறது. ஒவ்வொரு பல்புக்கும் 115 வோல்ட்தான் கிடைக்கும். வாட் என்பது வோல்ட்டை மின்னோட்டத்தால் பெருக்கி வருவது. பாதியைப் பாதியால் பெருக்கினால் கால். ஆகவே ஒவ்வொன்றும் 25 வாட். இரண்டும் சேர்ந்து 50 வாட். (சூடு குறைந்தால் பல்பு இழையின் தடையும் குறையும். அதனால் உண்மையில் சற்றுக் கூடுதலாக வரும்.) இரண்டு பல்பு போட்டும் வெளிச்சம் மங்குவது இதனால்தான்.

தேடி வந்த புகழ்

1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி ஓமுக்குக் காப்ளி பதக்கம் அளித்தது. அதன் பிறகே சொந்த நாடும் அவர் அருமையை நன்கு உணர்ந்தது. ஆசைப்பட்ட பேராசிரியர் பதவி மியூனிக் நகரில் 1852-இல் கிடைத்தபோது அவருக்கு வயது 63. இரண்டே ஆண்டுகளில், 1854-இல், காலமானார்.

மின்தடையின் அளவுக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயர், ஓம். பூட்டுப் பட்டறையில் வளர்ந்த பிள்ளையின் பெயரை இன்று பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் படிக்கிறார்கள்.