பத்திரிகை கேலி செய்த ராக்கெட் மேதை

தீபாவளி அன்று வாணம் விடுகிறோம். திரியில் நெருப்பு வைத்ததும் சீறிக்கொண்டு மேலே பாய்கிறது. மனிதனைச் சந்திரனுக்குக் கொண்டுபோன ராக்கெட்டும் இந்த வாணத்தின் வம்சம்தான். வாணத்தை ராக்கெட்டாக மாற்றப் பாடுபட்டவர்களில் ஒருவர் ராபர்ட் கோடார்டு. உயிரோடு இருந்தவரை அவருக்கு ஊரார் கொடுத்த பரிசு கேலி!

அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரில், 1882-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி கோடார்டு பிறந்தார். சிறு வயதில் நோஞ்சான் பிள்ளை. அடிக்கடி படுத்துவிடுவார். படிப்பில், தம் வயதுப் பையன்களைவிட 2 ஆண்டு பின்தங்கிவிட்டார். ஆனால், படுக்கையில் கிடந்த நேரமெல்லாம் புத்தகம் படித்தார். செவ்வாய் கிரகத்தில் இருப்பவர்கள் பூமி மீது படையெடுத்து வருவதாக எச்.ஜி.வெல்ஸ் எழுதிய கதை, அவர் மனதில் ஒட்டிக்கொண்டது.

மரத்தின் மேல் வந்த எண்ணம்

1899-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி. கோடார்டுக்கு வயது 17. வீட்டுக்குப் பின்னால் இருந்த செர்ரி மரத்தில், காய்ந்த கிளைகளை வெட்டுவதற்காக ஏறினார். மரத்தின் மேல் இருந்தபோது, செவ்வாய் கிரகத்துக்குப் போக ஓர் எந்திரம் செய்தால் என்ன என்ற எண்ணம் பளிச்சென்று தோன்றியது. மரத்தை விட்டு இறங்கியபோது, வாழ்நாள் முழுவதும் செய்யவேண்டிய வேலை எது என்று முடிவு செய்துவிட்டார். பிறகு ஆண்டுதோறும் அந்த நாளைப் பிறந்த நாள் போலத் தமக்குள் கொண்டாடி வந்தார்.

கோடார்டு விஞ்ஞானம் படித்து, டாக்டர் பட்டம் பெற்றார். 1913-ம் ஆண்டு காச நோய் வந்தது. 2 வாரம்தான் உயிரோடு இருப்பார் என்று வைத்தியர்கள் கெடு வைத்துவிட்டார்கள். அவர் சாகவில்லை. படுக்கையில் கிடந்தபடியே ராக்கெட் கணக்குப் போட்டார். மறு ஆண்டே, 2 புதிய முறைகளுக்கு அரசாங்கத்தின் காப்புரிமை வாங்கினார்.

ஒன்று, ராக்கெட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவது. கீழ் அடுக்கில் எரிபொருள் தீர்ந்ததும் அது கழன்று விழுந்துவிடும். பாரம் குறைவதால், மேல் அடுக்கு இன்னும் வேகமாகப் பாயும்.

மற்றொன்று, வெடிமருந்துக்குப் பதிலாகத் திரவத்தை எரிப்பது. பெட்ரோல் எரியவேண்டும் என்றால் பிராணவாயு வேண்டும். விண்வெளியில் காற்றே கிடையாது. ஆகவே, பிராணவாயுவைக் கடுமையாகக் குளிரவைத்துத் திரவமாக்கி, ராக்கெட்டிலேயே எடுத்துச் செல்லவேண்டும் என்றார் கோடார்டு.

கேலியும் கிண்டலும்

1919-ம் ஆண்டு கோடார்டு தம் ஆராய்ச்சியை ஒரு சிறு நூலாக எழுதினார். அதில், ராக்கெட்டைச் சந்திரனில் மோதவைக்கலாம் என்று ஓர் இடத்தில் குறிப்பிட்டார். அவ்வளவுதான்! பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன.

1920-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி, 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை தலையங்கமே எழுதியது. விண்வெளியில் உதைத்துத் தள்ளுவதற்குக் காற்று இல்லை, அங்கே ராக்கெட் எப்படி ஓடும் என்று கேட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்தது கூட இந்தப் பேராசிரியருக்குத் தெரியவில்லை என்று ஏளனம் செய்தது.

உண்மையில் தெரியாதது யாருக்கு? படகில் இருந்து கரைக்குக் குதித்துப் பாருங்கள். நீங்கள் முன்னே போவீர்கள். படகு பின்னே போகும். துப்பாக்கியைச் சுட்டால், குண்டு முன்னே பாயும். துப்பாக்கி தோளில் இடிக்கும். இதற்கெல்லாம் காற்று தேவை இல்லை. எரிந்த புகை பின்பக்கம் பாய்வதால், ராக்கெட் முன்பக்கம் தள்ளப்படுகிறது. கோடார்டு இதை வாயால் மட்டும் சொல்லவில்லை. காற்றை வெளியேற்றிய குழாய்க்குள் ராக்கெட்டை வெடித்துப் பார்த்தார். காற்றில் தள்ளியதைவிட அங்கே அதிகமாகவே தள்ளியது!

இரண்டரை வினாடி

1926-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி. ஆபர்ன் என்ற ஊரில் உறவினர் ஒருவரின் பண்ணை. தரையெல்லாம் பனி. சுமார் 10 அடி உயரத்தில், ஒல்லியான ஓர் இரும்புச் சட்டம் நின்றது. அதில் பெட்ரோலும், திரவப் பிராணவாயுவும் இருந்தன. பார்த்தவர்கள் கோடார்டும், மனைவி எஸ்தரும், 2 உதவியாளர்களும்தான்.

நெருப்பு வைத்தார்கள். சற்று நேரம் உறுமியது. பிறகு விர்ரென்று கிளம்பியது. 41 அடி உயரம் போய், 184 அடி தூரத்தில் விழுந்தது. இரண்டரை வினாடியில் எல்லாம் முடிந்துவிட்டது. எஸ்தரின் சினிமா காமிரா, ராக்கெட் கிளம்புவதற்குள் நின்றுபோயிற்று! உலகில் திரவ எரிபொருளால் பறந்த முதல் ராக்கெட் அதுதான்.

1929-ம் ஆண்டு ஜூலையில் பெரிய ராக்கெட் ஒன்றை விட்டார். சத்தத்தைக் கேட்ட அக்கம்பக்கத்தார், விமானம் விழுந்துவிட்டது என்று பயந்தார்கள். போலீசும் ஆம்புலன்சும் ஓடிவந்தன. பத்திரிகைகளுக்கு மீண்டும் கொண்டாட்டம். அங்கே ராக்கெட் விடக்கூடாது என்று அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள்.

அந்தச் செய்தியை விமான வீரர் லிண்ட்பர்க் படித்தார். நேரில் போய்ப் பார்த்தார். அவருடைய முயற்சியால், குகன்ஹெய்ம் என்ற செல்வர் பணம் கொடுத்தார். கோடார்டு நியூமெக்சிகோ மாநிலத்தில் ராஸ்வெல் என்ற ஊருக்குப் போனார். ஆள் நடமாட்டம் இல்லாத வெட்டவெளி. அங்கே அவருடைய ராக்கெட்டுகள் ஒன்றரை மைல் உயரத்துக்கு மேலும் போயின. பம்பரம் போல் சுழலும் கருவியை வைத்து, ராக்கெட் திசை மாறாமல் பார்த்துக்கொண்டார்.

ஆனால், கேலி அவர் மனதைப் புண்ணாக்கிவிட்டது. தாம் கண்டுபிடித்ததைப் பிறரிடம் அதிகம் சொல்லவில்லை. மற்ற விஞ்ஞானிகளோடு கலந்து பேசி இருந்தால், அமெரிக்காவில் ராக்கெட் இன்னும் முன்பே வளர்ந்திருக்கும். அவர் ஒதுங்கி இருந்ததில் நஷ்டம் நாட்டுக்குத்தான். அரசாங்கமும் அவரைத் தேடி வரவில்லை. 1940-ல் ராணுவ அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்லியும், அவர்கள் அக்கறை காட்டவில்லை. 1944-ல் ஜெர்மனியின் 'வி-2' ராக்கெட்டுகள் லண்டன் மீது விழுந்தபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது.

1945-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி, தொண்டைப் புற்றுநோயால் கோடார்டு இறந்தார். வயது 62. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை எல்லாம் எஸ்தர் பொறுமையாகத் தொகுத்தார். கோடார்டின் பெயரில் மொத்தம் 214 காப்புரிமைகள் சேர்ந்தன. அவற்றைப் பயன்படுத்தியதற்காக, 1960-ல் அமெரிக்க அரசாங்கம் 10 லட்சம் டாலர் கொடுத்தது.

1969-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி, 'அப்பல்லோ-11' சந்திரனுக்குப் புறப்பட்டது. மறுநாள் 'நியூயார்க் டைம்ஸ்' ஒரு சிறு செய்தி வெளியிட்டது. காற்று இல்லாத இடத்திலும் ராக்கெட் ஓடும் என்று ஒப்புக்கொண்டு, 49 ஆண்டுகளுக்கு முன் எழுதியதற்கு வருத்தம் தெரிவித்தது!

அந்தப் பயணத்தில் சந்திரனில் இறங்கிய இருவரில் ஒருவர் ஆல்டிரின். அவருடைய தந்தை, கோடார்டிடம் படித்த மாணவர். கோடார்டின் வாழ்க்கையைச் சொல்லும் மிகச் சிறிய புத்தகம் ஒன்றை, ஆல்டிரின் தம்முடன் எடுத்துப் போயிருந்தார்.