ஹிட்லர்: கொடுங்கோலின் தோற்றமும் எச்சமும்

அட்டனை அடுத்துள்ள கீழைத்தேயக் கல்லூரி ஒன்றிலே தமிழ் கற்பிக்கும் பணி எனது. சில திங்களின் முன் ஒருநாள், திருக்குறளிற் கொடுங்கோன்மை என்னும் அதிகாரத்தைப் பாடஞ்சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து ஐயம் ஒன்று கேட்டான். ஊழல் மலிந்து, விலைவாசி ஏறி, படித்தோர் வேலையின்றித் திரியும் இந்நாட்டிற்கு ஹிட்லரைப் போன்ற ஒருவன் வந்தாலன்றி விமோசனம் உண்டோ என்றும், அவன் வீழ்ந்துகிடந்த ஜேர்மனியைச் சில ஆண்டுகளில் நிமிர்த்திக் காட்டவில்லையா என்றும் பணிவோடு வினவினான். வகுப்பிற் பலர் தலையசைத்தனர்.

அம்மாணவன் குறும்பன் அல்லன். தாய் கொழுந்தெடுத்து ஈட்டும் கூலியிற் படிக்கின்ற நல்ல பிள்ளை. தேநீர்க்கடைகளிலும் மேடைகளிலும் பெரியோர் வாயிலாகக் கேட்டதையே அவன் திருப்பிச் சொன்னான். ஆதலால் அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. மறுவாரம் நூலை மூடிவைத்துவிட்டு, ஹிட்லரின் வரலாற்றை அவர்களுக்குச் சொன்னேன். அன்று சொன்னதையே ஈண்டுச் சுருக்கி எழுதுகின்றேன்.

அடோல்ப் ஹிட்லர் 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், ஒஸ்திரியாவின் எல்லையோரத்துச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தான். தந்தை அலோய்ஸ், சுங்க அதிகாரி, கடுஞ்சினம் உடையவர். தாய் கிளாரா, மகன்மீது அளவிறந்த பரிவுடையவள். 1903இல் தந்தையும் 1907இல் தாயும் இறந்தனர். புற்றுநோயால் வருந்திய அத்தாய்க்கு மருத்துவம் செய்தவர் எட்வார்ட் புளொக் என்னும் யூதர். அவர்பால் ஹிட்லர் என்றும் நன்றியுடையவனாகவே இருந்தான். பின்னாளில் ஒஸ்திரியா முழுவதும் யூதர் துன்புற்றபோது, அவ்வொருவர்க்குப் பாதுகாப்பளித்து, 1940இல் அமெரிக்கா செல்லவும் விட்டான். தனக்கு நன்மை செய்த யூதரை நேரில் அறிந்திருந்தும் அவ்வினம் முழுவதையும் வெறுக்க அவனால் முடிந்தது. வெறுப்பு அறியாமையால் மட்டும் விளைவதன்று என்பதற்கு இதுவே சான்று.

ஓவியனாக வேண்டுமென்பது அவனது இளமைக் கனவு. வியன்னா நுண்கலைக் கழகம் 1907இலும் 1908இலும் அவனை ஏற்க மறுத்தது. கையிருப்புக் கரைந்தபின், ஆடவர் விடுதியொன்றில் தங்கி, நகரக் காட்சிகளைச் சிறு படங்களாகத் தீட்டி விற்றுப் பிழைத்தான். அவற்றை வாங்கியோருள்ளும் யூதர் இருந்தனர். அக்காலத்து வியன்னா நகரபிதாவாகிய கார்ல் லூகர், யூத வெறுப்பை மேடையில் மூட்டினால் வாக்குகள் குவியும் என்று காட்டியவர். ஹிட்லர் அப்பாடத்தை நன்கு கற்றுக்கொண்டான்.

1913இல் மியூனிக் நகருக்குச் சென்றவன், அடுத்த ஆண்டு முதலாம் உலக யுத்தம் மூண்டதும் சேனையிற் சேர்ந்தான். செய்தி கொண்டோடும் சிப்பாயாகப் பணியாற்றி, இரும்புச் சிலுவை விருதினை இருமுறை பெற்றான். அவற்றுள் உயர்ந்த விருதுக்கு அவன் பெயரை முன்மொழிந்த அதிகாரி ஹியூகோ குட்மான் என்பவரும் யூதரே. 1918இல் நச்சுப்புகையாற் கண் மங்கி மருத்துவமனையிற் கிடந்தபோது ஜேர்மனி தோற்ற செய்தி அவனை எட்டியது. களத்தில் தோற்ற தளபதிகள் பழியைத் தாம் ஏலாது, உள்நாட்டுத் துரோகிகள் முதுகிற் குத்திவிட்டனர் என்னும் பொய்யைப் பரப்பினர். ஹிட்லர் அப்பொய்யைப் பற்றிக்கொண்டு, துரோகி என்னும் சொல்லுக்கு யூதன் என்னும் பொருளை ஏற்றினான்.

1919இல் அவன் சேர்ந்த சிறு கட்சி, 1921இல் அவன் தலைமையின்கீழ் வந்தது. வெர்சாய் உடன்படிக்கையின் அவமானமும், காகிதப் பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் கரைந்துபோன துன்பமும் மக்களை வாட்டிய காலம் அது. 1923 நவம்பரில் மியூனிக்கில் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்றான். ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டும், 1924 முடியுமுன்னே விடுதலை பெற்றான்.

இவ்விடத்தில் மலையகத்தார் நின்று நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஹிட்லர் ஜேர்மன் பிரஜை அல்லன். இத்தகைய குற்றம் புரிந்த அந்நியனை நாடுகடத்தச் சட்டம் இருந்தது. ஆயினும், உள்ளத்தால் ஜேர்மானியனாக உணர்பவனுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று நீதிபதிகள் அவனை விட்டுவிட்டனர். 1925இல் அவன் தன் ஒஸ்திரியப் பிரஜாவுரிமையையும் துறந்தான். அன்றுமுதல் 1932 பெப்ரவரி வரை, ஏறக்குறைய ஏழாண்டுகள், அவன் எந்நாட்டுக்கும் உரியனல்லாத நாடற்றவன். ஜனாதிபதித் தேர்தலில் நிற்பதற்காக, பிரவுன்ஷ்வைக் என்னும் மாநிலத்தில் அவன் கட்சியினர் ஓர் அரசாங்க உத்தியோகத்தைப் பெயரளவில் அளித்து, அதன் வழியாக அவனைப் பிரஜையாக்கினர். தனக்குக் காட்டப்பட்ட இச்சலுகையைப் பின்னர் அவன் எவர்க்கும் காட்டவில்லை.

மக்கள் அவனை உடனே ஏற்றுக்கொண்டனரா? இல்லை. 1928ஆம் ஆண்டுத் தேர்தலில் அவன் கட்சிக்கு நூற்றுக்கு மூன்று வாக்குகளும் கிடைக்கவில்லை. 1929இல் உலகெங்கும் பொருளாதார வீழ்ச்சி நேர்ந்தது. 1932இல் ஜேர்மனியில் வேலையற்றோர் அறுபது இலட்சம் பேர். அவ்வாண்டு ஜூலையில் அக்கட்சி நூற்றுக்கு முப்பத்தேழு வாக்குப் பெற்றது. நவம்பரில் அது முப்பத்துமூன்றாகக் குறைந்தது. அந்நாட்டின் பெரும்பான்மை மக்கள் தடையற்ற தேர்தல் எதிலும் அவனுக்கு வாக்களித்ததேயில்லை. வாக்குக் குறையத் தொடங்கிய அவ்வேளையிலே, முதிய ஜனாதிபதி ஹின்டன்பர்க்கைச் சூழ்ந்திருந்த பிரபுக்கள் ஒரு கணக்குப் போட்டனர். அவனுடைய ஆட்பலத்தைத் தாம் பயன்படுத்திக்கொண்டு, அவனையும் கட்டியாளலாம் என்று எண்ணினர். 1933 ஜனவரி 30ஆம் நாள் ஹிட்லர் ஆட்சித்தலைவனாக நியமிக்கப்பட்டான். வாசலை உள்ளிருந்து திறந்துவிட்டவர்கள் அறிவாளிகள் என்று பெயர்பெற்றவர்களே.

அதன்பின் நிகழ்ந்தவை வெகு விரைவானவை. பெப்ரவரி 27இல் பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றியது. மறுநாளே பேச்சுரிமையும் எழுத்துரிமையும் நிறுத்தப்பட்டன. மார்ச்சு 22இல் டாகௌ வதைமுகாம் திறக்கப்பட்டது. மறுநாள், பாராளுமன்றமே தன் சட்டமியற்றும் அதிகாரத்தை 444 வாக்குகளால் அவனிடம் ஒப்புவித்தது. எதிர்த்தோர் 94 பேர். அனைவரும் சமூக சனநாயகக் கட்சியினர். ஏப்ரலில் யூத ஆசிரியரும் அரசாங்க உத்தியோகத்தரும் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். மே 10இல் பல்கலைக்கழக மாணவர் நூல்களைக் குவித்து எரித்தனர். ஜூலையில் அவன் கட்சி ஒன்றே சட்டபூர்வமான கட்சியாயிற்று. சட்டத்தின் வாயிலாகவே சட்டம் கொல்லப்பட்டது. அதற்கு ஆறு திங்களே போதுமாயின.

என் மாணவன் போற்றிய வேலைவாய்ப்பும் வீதிகளும் எங்ஙனம் வந்தன? பொருளாதாரம் மீளும் அறிகுறிகள் அவன் வருமுன்பே 1932இன் இறுதியிற் தோன்றிவிட்டன. கொலோன் நகருக்கும் பொன் நகருக்கும் இடையே அமைந்த விரைவீதியை 1932இலேயே திறந்துவைத்தவர் கொன்ராட் அடினோவர் என்னும் நகரபிதா. ஹிட்லர் அளித்த வேலை பெரும்பாலும் படைக்கலம் செய்யும் வேலை. அதற்குரிய பணம் மறைவாக வாங்கிய கடன். அக்கடனைப் போரிட்டுக் கொள்ளையடித்தாலன்றி அடைத்தல் அரிது.

ஆசிரியர்கள் என் செய்தனர் என்று ஓர் ஆசிரியனாகிய நான் கேட்காமல் இருக்க முடியாது. மிகப் பெரும்பாலோர் அவன் கட்சியின் ஆசிரியர் சங்கத்திற் சேர்ந்தனர். சித்தசுவாதீனம் இழந்தோரைப் பராமரிக்க எத்துணைப் பணம் செலவாகிறது, அப்பணத்தில் எத்தனை குடும்பங்களுக்கு வீடு கட்டலாம் என்பன போன்ற கணக்குகள் பாடநூலில் ஏறின. பிள்ளைகள் அவற்றைச் செய்து மதிப்பெண் பெற்றனர். 1939இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் அத்தகைய நோயாளர் ஏறக்குறைய எழுபதினாயிரம் பேர் நச்சுவாயுவாற் கொல்லப்பட்டபோது, விடை முன்னமே எழுதப்பட்டிருந்தது.

1935 செப்டெம்பர் 15ஆம் நாள் நியூரம்பேர்க் சட்டங்கள் பிறந்தன. அந்நாட்டு மக்களுள் நூற்றுக்கு ஒருவராகவும் இல்லாத யூதர், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணிற் பிரஜாவுரிமை இழந்தனர். 1938இல், யூதப் பெயரென்று அரசு குறித்த பெயரில்லாத ஆடவர் இஸ்ரவேல் என்றும் பெண்டிர் சாரா என்றும் பெயர் சேர்த்துக்கொள்ளப் பணிக்கப்பட்டனர். கடவுச்சீட்டிற் சிவப்பு எழுத்துப் பொறிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் வழிபாட்டிடங்கள் எரிந்தன.

இதனைச் சொன்னபோது வகுப்பறை அமைதியாயிற்று. ஏனெனில், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் என்றால் என்னவென்று மலையகத்துப் பிள்ளைகட்கு விளக்க வேண்டியதில்லை. என் பாட்டனார் 1947இல் வாக்களித்தவர், 1952இல் வாக்கற்றவர். தேயிலைக்கு உரமாகத் தம் உழைப்பை இட்டவர், நாடற்றவர் ஆனார். கள்ளத்தோணி என்னும் இழிசொல்லும் வழங்கியது. சொல்லும் சட்டமும் சேர்ந்தே வருகின்றன. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கென எண்ணி ஒதுக்கியது. நான் சிறுவனாயிருந்தபோது அட்டன் புகையிரத நிலையத்தில், தலைமன்னாருக்குப் புறப்பட்ட எங்கள் லயத்துக் குடும்பங்கள் கதறியழுததைக் கண்டிருக்கின்றேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். நமக்கு நேர்ந்ததும் யூதர்க்கு நேர்ந்ததும் ஒன்றல்ல. நம்மைக் கொல்லும் கூடங்கள் எவரும் கட்டவில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு எஞ்சியோர்க்கும் உரிமை கிட்டியது. இவ்வேறுபாட்டை மறைப்பது இறந்தோர்க்குச் செய்யும் அநீதி. ஆனால், காகிதத்திற் பெயர் இல்லாதவனுக்கு எதனையும் செய்யலாம் என்னும் அச்சம் எத்தகையது என்பதை உய்த்துணர, நம்மினும் தகுதியுடையோர் சிலரே.

இனி வேகமாகச் செல்வேன். 1939 செப்டெம்பர் முதலாம் நாள் ஹிட்லர் போலந்தின்மீது படையெடுத்தான். 1941 ஜூனில் சோவியத் நாட்டின்மீது பாய்ந்தான். படையின் பின்னே கொலைக்குழுக்கள் சென்றன. கீவ் நகரின் புறத்தேயுள்ள பாபி யார்ப் பள்ளத்தில் இரண்டு நாளில் 33,771 யூதர் சுடப்பட்டனர். 1941 நவம்பரில் இன்னுமோர் ஆணை பிறந்தது: எல்லைக்கு அப்பாற் கொண்டுசெல்லப்படும் யூதரின் பிரஜாவுரிமை அக்கணமே அழியும், உடைமை அரசுக்குச் சேரும். புகைவண்டி எல்லையைக் கடக்கும்போதே பயணி நாடற்றவனானான். அவுஷ்விட்ஸ் முகாமில் மட்டும் ஏறக்குறைய பதினொரு இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். மாண்ட யூதரின் தொகை ஏறக்குறைய அறுபது இலட்சம். ரோமா இனத்தாரும், பசியால் மடிந்த சோவியத் போர்க்கைதிகளும் இதற்குப் புறம்பானவர்.

தப்பியோருள் ஒருவர் நம் மலைநாட்டிற்கும் வந்தார். ஜேர்மன் யூதக் குடும்பத்திற் பிறந்து பௌத்தராகி, 1936இல் இலங்கை வந்து துறவு பூண்டவர் ஞானபோனிக தேரர். 1939இல் அவருடைய தாயாரும் இங்கு வந்து உயிர் தப்பினார். ஆயின் யுத்தம் மூண்டதும், பிரித்தானிய அரசு அவரை ஜேர்மானியர் என்று தியத்தலாவை முகாமில் அடைத்தது. ஜேர்மனிக்கு அவர் யூதர், பிரித்தானியருக்கு ஜேர்மானியர். பின்னர்க் கண்டியிலே நெடுங்காலம் வாழ்ந்து, நூல்கள் பல வெளியிட்டு, 1994இல் மறைந்தார்.

1945 ஏப்ரல் 30ஆம் நாள், பகைவர் பேர்லினுட் புகுந்தபோது, நிலவறையில் ஹிட்லர் தற்கொலை செய்துகொண்டான். முதல்நாள் எழுதுவித்த இறுதி ஆவணத்திலும் பழி முழுவதையும் யூதர்மேலேயே சுமத்தினான். நம் காப்பியத்துப் பாண்டியன் ஒரு தீர்ப்பில் ஒருமுறை தவறினான்; தவறியதை உணர்ந்த கணமே உயிர் துறந்தான். இவனும் இறந்தான், ஆனால் உணரவில்லை. அரசனுக்கும் கொடுங்கோலனுக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக எந்த உரையாசிரியரும் விளக்க இயலாது.

அவன் விட்டுச்சென்ற எச்சம் யாது? இடிந்த நகரங்களும், இரண்டாகப் பிளவுண்ட நாடும், இனப்படுகொலை என்னும் பொருள்தர ரபேல் லெம்கின் 1944இற் படைத்த புதுச்சொல்லும் ஆகும். அக்குற்றத்தைத் தடுக்கும் உடன்படிக்கை 1948 டிசம்பர் 9ஆம் நாளும், ஒவ்வொருவர்க்கும் ஒரு நாட்டுரிமை உண்டு எனக் கூறும் மனித உரிமைப் பிரகடனம் மறுநாளும் ஐக்கிய நாடுகள் சபையில் நிறைவேறின. இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது அதே ஆண்டு நவம்பர் 15ஆம் நாள். உலகம் பாடம் கற்ற திங்களும் நம்மவர் நாடிழந்த திங்களும் அடுத்தடுத்து வந்தவை.

பாடம் முடிந்தபின், பாட்டனாரின் நிராகரிக்கப்பட்ட பிரஜாவுரிமை விண்ணப்பத்தை மாணாக்கர்க்குக் காட்டினேன். கேள்வி கேட்ட மாணவன் அதை நெடுநேரம் வைத்துப் படித்தான். தன் பாட்டியின் தமக்கை கப்பலேறிப் போனவர் என்றும், பின்னர் அவரைப்பற்றி ஒரு செய்தியும் வரவில்லை என்றும் மெல்லச் சொன்னான். வேறொன்றும் சொல்லவில்லை.

வல்லான் ஒருவன் வந்து எல்லாவற்றையும் சீர்செய்வான் என்று நாம் ஏங்குவது இயல்பே, துன்பம் அத்தகையது. அப்படி ஒருவன் வந்து நிற்கும்போது, அவன் என்ன கட்டுவான் என்று கேட்பதற்கு முன், யாருடைய பெயரை முதலில் வெட்டுவான் என்று கேளுங்கள். அப்பெயர் நம்முடையதன்று என்று ஆறுதல் கொள்ளும் உரிமை, மலையகத்தாராகிய நமக்கு ஒருநாளும் இல்லை.