சொல்லும் அமானிதம், பணமும் அமானிதம்

 



சென்ற வாரம் மஃரிபுக்குப் பிறகு நம் மஹல்லா வாலிபர் ஒருவர் என்னிடம் வந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை பார்ப்பவர். அவரோடு வேலை செய்யும் கிறிஸ்தவ நண்பர் ஷிப்ட் தொடங்குவதற்கு முன் தினமும் சங்கீதம் வாசிப்பாராம். அதுவும் நாம் ஈமான் கொண்டிருக்கும் ஸபூரும் ஒன்றுதானா என்பது இவருடைய கேள்வி. நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் போனால், நம் சென்னையிலேயே வாழ்ந்து மறைந்த ஒரு மனிதரின் வாழ்க்கைக்கு அது நம்மை அழைத்துப் போகிறது. அவர் முஸ்லிம் அல்ல. ஆனால் அவர் வாழ்க்கையில் நமக்குப் பாடமும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது.

முதலில் நம் நிலைப்பாட்டைத் தெரிந்துகொள்வோம். தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் ஸபூரைக் கொடுத்தான் என்று குர்ஆன் நமக்குச் சொல்கிறது. அதை நம்புவது ஈமானின் பகுதி. இன்று கையில் இருக்கும் 150 சங்கீதங்களும் அப்படியே அந்த ஸபூர்தான் என்று நாம் சொல்வதில்லை. அதே நேரம், குர்ஆனும் ஹதீஸும் பேசாத விஷயத்தில் அதை உண்மை என்றோ பொய் என்றோ முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்பதே நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த ஒழுக்கம். ஸபூரில் ஹலால், ஹராம் சட்டங்கள் இல்லை. புகழும் உபதேசமும்தான் இருந்தன என்று இமாம் குர்துபி போன்ற முஃபஸ்ஸிர்கள் எழுதியிருக்கிறார்கள்.

சகோதரர்களே! 1711-ல் ஜெர்மனியின் கிளீபெர்க் என்ற ஊரில் பிறந்தவர் ஜொஹான் பிலிப் ஃபேப்ரிசியஸ். முதலில் சட்டம் படித்தார். பிறகு அதை விட்டுவிட்டு ஹாலே நகரத்தில் மார்க்கக் கல்வி படித்தார். 1740-ல் கப்பலேறித் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். 1742-ல் சென்னைக்கு வந்தார். சாகும்வரை ஏறத்தாழ 48 வருடம் இங்கேதான். நாம் சென்ட்ரல் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய வேப்பேரிதான் அவருடைய இடம்.

அவருக்கு முன்பே தமிழில் பைபிள் இருந்தது. சீகன்பால்க் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1715-க்குள் தரங்கம்பாடியில் அச்சிட்டார். பழைய ஏற்பாட்டை அவர் தொடங்கி வைக்க, ஷுல்ட்ஸ் முடித்தார். ஆனால் அந்தத் தமிழ் கரடுமுரடாக இருந்தது. படித்தவர்கள் முகம் சுளித்தார்கள், பாமரர்களுக்குப் புரியவில்லை. ஆகவே ஃபேப்ரிசியஸ் மூலமொழிகளுக்கே திரும்பிப் போய் மறுபடி உட்கார்ந்தார்.

இதில் எவ்வளவு சிரமம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சங்கீதங்கள் ஹீப்ரு மொழிப் பாட்டு. ஒரு கருத்தை ஓர் அடியில் சொல்லி, அதையே சற்று மாற்றி அடுத்த அடியில் சொல்வது அதன் நடை. ஒரு சங்கீதத்தில் ஹீப்ருவின் 22 எழுத்துகளுக்கும் எழுத்துக்கு எட்டு வசனமாக 176 வசனங்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. இன்னொரு மொழிக்குப் போனால் அந்த அமைப்பு நிற்காது.

மத்ரஸாவில் அரபி ஓதியவர்களுக்கு ஹீப்ரு முழு அந்நியம் அல்ல. நம் ஸலாம் அங்கே ஷாலோம். நம் ரூஹ் அங்கே ரூவாக். நம் நஃப்ஸ் அங்கே நெஃபெஷ். இந்த நெஃபெஷ் என்ற ஒரு சொல்லை மட்டும் பாருங்கள். அதற்குத் தொண்டை, மூச்சு, உயிர், தான் என்று பல பொருள் உண்டு. தமிழ் பைபிளில் பெரும்பாலும் ஆத்துமா என்று வரும். நெஃபெஷ் தாகமாயிருக்கிறது என்று பாடியவர், பாலைவனத்தில் நாக்கு வறண்டு நிற்கும் மனிதனையே கண்முன் நிறுத்துகிறார். ஆத்துமா என்றதும் நம் மனம் தொண்டையை மறந்துவிடுகிறது. சங்கீதத்துக்கு ஹீப்ருவில் மிஸ்மோர் என்று பெயர். அபூமூஸா அல்அஷ்அரி (ரலி) அவர்களின் அழகிய கிராஅத்தைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், தாவூத் குடும்பத்தாரின் மிஸ்மார் அவருக்குக் கொடுக்கப்பட்டிருப்பதாகப் பாராட்டினார்களே, அந்தச் சொல்லும் இதுவும் ஒரே வேர்.

ஃபேப்ரிசியஸ் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டார். தமிழறிந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இத்தனைக்கும் காலம் அமைதியாக இல்லை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது பழவேற்காட்டுக்கு ஓடினார். 1758-ல் லாலியின் படை வந்து வேப்பேரியைச் சூறையாடியபோது மறுபடி பழவேற்காடு. 1761-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்து அங்கிருந்து கொண்டுவந்த அச்சு இயந்திரம் அவரிடம் வந்தது. வேப்பேரி அச்சகம் அப்படித்தான் உருவானது. 1772-ல் அவருடைய புதிய ஏற்பாடு வந்தது. 1779-ல் தமிழ்-ஆங்கில அகராதி வந்தது. பழைய ஏற்பாடும் அந்த ஆண்டுகளில் அச்சேறியது. பின்னால் வந்த தமிழ் பைபிள்கள் பலவற்றுக்கு அவருடைய தமிழ்தான் அஸ்திவாரம்.

இவ்வளவு கவனமான மனிதரின் முடிவு எப்படி இருந்தது தெரியுமா? கடனுக்காகச் சிறைக்குப் போனார்.

அன்றைய சென்னையில் நவாபுக்கும் பெரிய மனிதர்களுக்கும் வட்டிக்குப் பணம் கொடுப்பது பெரும் தொழில். பிறர் நம்பி ஒப்படைத்த பணம் ஃபேப்ரிசியஸ் கையில் இருந்தது. அது கடனாகப் போய்த் திரும்பவில்லை. தனக்காக மாளிகை கட்டியவர் அல்ல அவர், எளிமையாக வாழ்ந்தவர். ஆனாலும் எழுபது வயதுக்கு மேல் கடன்காரர் சிறையைப் பார்த்தார். பொறுப்புகளை கெரிக்கே என்பவரிடம் விட்டுவிட்டு, 1791 ஜனவரியில், 80 வயதில் இறந்தார்.

பெரியோர்களே! ஒரு சொல்லுக்காக எத்தனையோ நாள் யோசித்தவர், பணத்தைக் கொடுக்கும்போது அப்படி யோசிக்கவில்லை. அவரை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம்மில் எத்தனை பேர் ஐந்து வேளையும் முதல் ஸஃப்பில் நின்றுகொண்டு, அடுத்தவர் பணத்தில் அலட்சியமாக இருக்கிறோம்! சீட்டுப் பணம், ஜாமீன் கையெழுத்து, ஆப்பில் எடுத்த கடன், சகோதரியின் பாகம், பள்ளிவாசல் கணக்கு. நல்ல மனிதர் என்ற பெயர் கணக்குப் புத்தகத்துக்குப் பதிலாகாது. ஜனாஸா கொண்டுவரப்பட்டால் மையித்துக்குக் கடன் இருக்கிறதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அடைக்க வழியில்லாதவருக்குத் தாங்கள் தொழவைக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். பிறகு வசதி வந்தபோது அந்தக் கடனைத் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். கடன் அவ்வளவு பாரமானது. கடனில் விழுந்தவரைத் தூக்கிவிடுவதும் அவ்வளவு கடமை.

ஸபூர் கொடுக்கப்பட்ட தாவூத் (அலை) அவர்களையே பாருங்கள். மலைகளும் பறவைகளும் சேர்ந்து தஸ்பீஹ் செய்த அந்த நாவுக்குரியவர் அரசராக இருந்தும் தன் கையால் உழைத்துச் சாப்பிட்டார்கள். இரும்பைக் கொண்டு போர்க்கவசம் செய்தார்கள். ஆவடியில் கவச வாகனத் தொழிற்சாலையிலும் அம்பத்தூர் பட்டறைகளிலும் இரும்போடு வேலை செய்யும் நம் சகோதரர்கள் இதை நினைத்துச் சந்தோஷப்படலாம்.

அந்த வாலிபருக்கு நான் சொன்னது இதுதான். நண்பரோடு தர்க்கம் செய்ய வேண்டாம். நாற்பது வருடமாக நீங்களும் நானும் தொழுகையில் ஓதும் வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரியுமா என்று முதலில் பார்ப்போம். எங்கிருந்தோ வந்த ஒருவர் துஆவின் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடி ஆயுளைச் செலவழித்தார். நாம் தொழுகையில் ஓதும் தஸ்பீஹுக்கும் அத்தஹிய்யாத்துக்கும் பொருள் தெரிந்துகொள்ள ஒரு வாரம் ஒதுக்கக் கூடாதா? இன்ஷா அல்லாஹ், நாளை முதல் இஷாவுக்குப் பிறகு பத்து நிமிடம் அதற்காக உட்காருவோம். வீட்டுக்குப் போனதும் ஒரு தாளில் நாம் கொடுக்க வேண்டிய கடனை எழுதி, குடும்பத்தாருக்குத் தெரியும் இடத்தில் வைப்போம்.

யா அல்லாஹ்! எங்கள் நாவில் வரும் சொல்லை எங்கள் உள்ளம் உணரச் செய்வாயாக. எங்கள் கையில் இருக்கும் அமானிதத்தை உரியவரிடம் சேர்க்கும் தவ்ஃபீக்கைத் தருவாயாக. கடனோடு எங்களை மவ்த்தாக்கிவிடாதே. ஆமீன்.